சொல்லச் சொன்னவள்

கீரனூரில் சொர்ணவல்லியின் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு அவள் ஒரு காலேஜ் டீச்சர். காலையில் திருச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள், சாயங்காலம் களைத்துத் திரும்புவாள். அவ்வளவுதான். இந்த அம்மாள் தன் வயதில் பாதியை, கொலை செய்தவர்களின் எதிரே உட்கார்ந்து கழித்தவள் என்று யாராவது சொன்னால் அவர் சிரித்திருப்பார்.

உளவியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் சிறைக்குள் போகத் தொடங்கியபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் தேடிப் போனது திருடர்களையோ கூலிக்கு வெட்டுகிறவர்களையோ அல்ல. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை, இன்னார்தான் என்று முடிவுசெய்து, காத்திருந்து கொன்றவர்களை. அண்ணனைச் சாய்த்த தம்பி, மாட்டேன் என்று சொன்ன பெண்ணைக் குத்திய இளைஞன், வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியவன். எல்லாரும் முதலில் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். “ஆத்திரத்துல என்ன செஞ்சேன்னே தெரியல மேடம்.”

அவள் மறுத்துப் பேசமாட்டாள். அடுத்த வாரமும் போவாள், அதற்கடுத்த வாரமும் போவாள். மெல்ல மெல்ல வேறு கதை வெளியே வரும். எதுவும் திடீரென்று நடந்திருக்கவில்லை. மாதக்கணக்காக ஒரு அவமானத்தை மென்றுகொண்டிருந்திருக்கிறார்கள். அந்த ஆள் எத்தனை மணிக்கு எந்தத் தெரு வழியாகப் போகிறான் என்று பார்த்திருக்கிறார்கள். கத்தியைச் சாணை பிடித்திருக்கிறார்கள். அவளைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று: ஒவ்வொருவனும் யாரிடமோ ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருந்தான். ஒருவன் தங்கையிடம், என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றான். ஒருவன் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னான். வாய்விட்டுச் சொல்லாதவனின் தாய் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அந்தத் தாய்மாரையும் சொர்ணவல்லி தேடிப் போனாள். விராலிமலைப் பக்கம் ஒரு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “தெரியும்மா. யாருகிட்டப் போய்ச் சொல்றது? போலீஸ்ல சொன்னா நானே எம் புள்ளையப் புடிச்சுக் குடுத்த மாதிரி ஆகிப்போகுமே.”

அதற்குப் பிறகு சொர்ணவல்லி செய்த வேலையெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான். பிள்ளையைப் பிடித்துக் கொடுக்காமலே ஒரு தாய் வந்து சொல்ல ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடத்தை உண்டாக்கப் போலீஸின் சம்மதம் தேவைப்பட்டது. பல அதிகாரிகள் அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, நல்ல யோசனை மேடம் என்று சொல்லி அனுப்பினார்கள். சிவபிரகாஷ் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

சிவபிரகாஷ் அவளுடைய மாணவன். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து எம்.எஸ்ஸி. உளவியல் படித்தவன். சிறைக்குப் போகும்போதெல்லாம் அவள் கூடவே வருவான். கைதி ஒருவன் உடைந்து அழும்போது குறுக்கே பேசாமல் தண்ணீரை மட்டும் அவன் பக்கமாக நகர்த்திவைக்கத் தெரிந்த ஒரே மாணவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் சாப்பாடு. கல்யாணம் செய்துகொள்ளாத அவளுக்கு அவன் மாணவனா, தம்பியா, மகனா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியதில்லை. குரூப் ஒன் தேர்வுக்கு அவனை உட்காரவைத்துக் கேள்வி கேட்டதும் அவள்தான். கடற்கரைப் பகுதிக்கு டிஎஸ்பியாக அவன் வந்து சேர்ந்த அன்று, யூனிஃபார்மோடு நேரே கீரனூருக்கு வந்து அவள் காலைத் தொட்டான்.

அன்றே முன்னறையில் உட்கார்ந்து இருவரும் பேசி முடித்தார்கள். குடும்பமே வந்து சொன்னால் கேஸ் கிடையாது. சொர்ணவல்லி போய்ப் பேசுவாள். போலீஸுக்கு விவரம் தெரிந்திருக்கும், ஆனால் தள்ளி நின்று பார்க்கும். கைமீறுகிறது என்று அவளே கூப்பிட்டால்தான் உள்ளே வரும்.

“எழுதி வாங்கிக்கட்டுமா?” என்று அவள் சிரித்தாள்.

“எதுக்கு மேடம்? யூனிஃபார்ம் போட்டவன் நாளைக்கு மாறிப் போவான். இது ஒங்க ஸ்டூடண்ட் குடுக்குற வாக்கு” என்றான் அவன்.

அந்த வாக்கை எடுத்துக்கொண்டு அவள் ஊர் ஊராகப் போனாள். மகளிர் குழுக் கூட்டம், மாதாகோவில் வளாகம், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரை. ஒரு செல்போன் எண்ணைச் சொல்லிவிட்டு எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: “இந்த நம்பர் ஒங்க புள்ளைய ஜெயிலுக்கு அனுப்புறதுக்கு இல்ல. ஜெயிலுக்குப் போகாம நிறுத்துறதுக்கு. மனசுல பட்டா சொல்லிருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

அழைப்புகள் வந்தன. பிரிந்துபோன மனைவியின் வேலையிடத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கணவன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணுக்காகத் தினமும் ஆசிட் பாட்டிலோடு காத்திருந்த பையன். எதுவும் ரத்தத்தில் முடியவில்லை. அதை அவள் எங்கேயும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. நடக்காமல் போன ஒன்றை யாரிடம் காட்டி, இது என்னால்தான் என்று சொல்வது?

அடைக்கலமேரி கூப்பிட்டது ஒரு மத்தியான நேரம். ஜெகதாப்பட்டினத்துப் பெண்; கணவனை அந்த வருஷம்தான் புதைத்திருந்தாள்.

“டீச்சர், கோவில்ல வந்து பேசுனீங்கள்ல. எம் மகன் பெலிக்ஸு சரியில்ல டீச்சர்.”

“என்ன செய்யிறாரு?”

“கடலுக்குப் போறதில்ல. ஆனா புதுசா ஒரு கத்தி வாங்கி வச்சிருக்கான். மீன் அறுக்குற கத்தி இல்ல. நேத்து அவன் மோதிரத்தக் கழட்டித் தங்கச்சிகிட்டக் குடுத்துட்டான். விடியக்காலையில எந்திரிச்சு ஐஸ் கம்பெனிப் பக்கமாப் போய் நின்னுட்டு வாரான். அங்கிட்டு அவனுக்கு என்ன வேலை? ஒண்ணும் இல்ல.” குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “போலீஸு வராதுல்ல டீச்சர்?”

“வராது. நான் சொல்றேன்” என்றாள் சொர்ணவல்லி.

பெலிக்ஸின் கதையை அவள் முழுதாகக் கேட்டறியப் பல வாரங்கள் ஆயின. அவனுக்கு இருபத்தெட்டு வயது. அழகுமலை என்பவரின் விசைப்படகில் வலை இழுக்கிறவன். ஒரு நாள் படகு எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. சாதாரண ஆட்களைக் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள், படகை ஓட்டியவனுக்குத்தான் தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். படகை ஓட்டியது அழகுமலையின் மச்சான். ஆனால் விசாரணையில் எல்லாரும் ஒரே குரலில் பெலிக்ஸ்தான் டிரைவர் என்றார்கள். கரையிலிருந்து அழகுமலை அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். பெலிக்ஸுக்கும் சேதி வந்தது. ‘மச்சான் பொண்டாட்டி நிறைமாசம்டா. நீ ஒத்துக்க. உன்னைய உடனே எடுத்துர்றேன், ஒங்க வீட்ட நான் பாத்துக்கிறேன்.’ அவன் தலையாட்டினான். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவன் யாழ்ப்பாணச் சிறையில் கிடந்தான். யாரும் அவனை எடுக்க வரவில்லை, யாரும் அவன் வீட்டைப் பார்க்கவில்லை. அவன் உள்ளே இருந்தபோதே அப்பா இறந்துபோனார். திரும்பி வந்து அவன் பார்த்தது கல்லறையில் காய்ந்துபோன மாலையை.

மத்தியானத்தில் ஆள் இல்லாத ஏலக் கொட்டகையில்தான் அவர்கள் சந்தித்தார்கள். சிமெண்ட் தரையில் செதிள் காய்ந்து ஒட்டிக் கிடக்கும். முதல் நாள் அவன் வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. சொர்ணவல்லி கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை, அழகுமலையைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் அப்பாவுக்கு என்ன மீன் பிடிக்கும் என்று கேட்டாள்.

“காரப்பொடி மீனு” என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அன்றிலிருந்து பேசினான். எல்லாவற்றையும் சொன்னான். அழகுமலை எத்தனை மணிக்கு ஐஸ் கம்பெனிக்கு வருவார், வண்டியை எங்கே நிறுத்துவார், அந்த இடத்தில் விளக்கு எரியாது என்பதுவரை. சிறையில் அவள் கேட்ட அத்தனை கதையிலும் வருகிற அதே கட்டம்தான் இது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே இன்னும் எதுவும் நடந்துவிடவில்லை.

“அவரு செத்துட்டா ஒனக்கு என்னப்பா கிடைக்கும்?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“ஒண்ணும் கிடைக்காது மேடம். ஆனா அவரு என் முன்னாடி புல்லட்டுல போறாரு. என்னையப் பாத்து, என்னடா நல்லாருக்கியாங்கிறாரு.”

“அவரு என்ன செஞ்சா ஒனக்கு மனசு ஆறும்?”

“நான் டிரைவர் இல்லன்னு மீனவர் சங்கத்துல எல்லாரு முன்னாடியும் சொல்லணும். எங்கப்பா கல்லறையில வந்து நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

அதைப் பிடித்துக்கொண்டு அவள் அழகுமலையிடம் போனாள். ஐஸ் கம்பெனி ஆபீஸில் அவர் முதலில் சத்தம் போட்டார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “வேணும்னு செய்யல டீச்சர். அன்னைக்கு வேற வழி தெரியல” என்றார். சங்கத்தில் வந்து சொல்வதாக ஒத்துக்கொண்டார். அதை அவள் பெலிக்ஸிடம் போய்ச் சொன்னாள். அடுத்த முறை வந்தபோது, சட்டைக்குள்ளிருந்து கத்தியை எடுத்து, கைப்பிடி அவள் பக்கமாக வரும்படி நீட்டினான்.

“நீங்களே வச்சுக்கங்க மேடம். வீட்டுல இருந்தா அம்மா தூங்க மாட்டேங்குது.”

அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் சொர்ணவல்லி சிவபிரகாஷுக்குப் போன் செய்தாள். பேசிக்கொண்டபடி, ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அவனிடம் சொல்வது வழக்கம். இடம், நேரம், விளக்கு எரியாத மூலை எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கத்தியைக் கொடுத்ததையும் சொன்னாள். “இறங்கி வந்துட்டான் சிவா. முழுசா இறங்கி வந்துட்டான்.”

“சூப்பர் மேடம். ஆனா அந்தக் கத்திய ஏன் நீங்க வச்சிருக்கீங்க? தனியா இருக்கீங்க. ஆள் அனுப்புறேன், குடுத்துருங்க” என்றான்.

மறுநாள் காலை செல்வராணி என்ற ஏட்டம்மா கீரனூருக்கு வந்தாள். சொர்ணவல்லி அவளுக்கு இட்லி வைத்துக் கொடுத்து, பழைய துணியில் சுற்றிய கத்தியையும் கொடுத்தாள். தன்மேல் இவ்வளவு அக்கறையாக இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினாள்.

சங்கத்தில் கூடுவதாக இருந்தது, படகுகள் கடலுக்குப் போகாத ஒரு நாளில். சொர்ணவல்லி போய் இறங்கியபோது கொஞ்சம் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடைக்கலமேரி கடைசி வரிசையில், கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல நல்ல சேலை கட்டிக்கொண்டிருந்தாள். பெலிக்ஸ் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். அவளைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அழகுமலையின் நாற்காலி காலியாகவே இருந்தது. சங்கத் தலைவர் அவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அப்போது பின்வரிசையில் மீனவர்களோடு மீனவர்களாக உட்கார்ந்திருந்த நான்கு பேர் எழுந்து வந்து பெலிக்ஸின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவன் அவன் கையைப் பின்னால் முறுக்கினான். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பெலிக்ஸ் திமிறவில்லை. போலீஸ்காரர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொர்ணவல்லியைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

“ஏய், விடுங்க! நான் டிஎஸ்பிகிட்டப் பேசிக்கிறேன், அவர விடுங்க!” என்று அவள் கத்திக்கொண்டே ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். சிவபிரகாஷின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

சாயங்காலம் உள்ளூர் டிவியில் அவனைப் பார்த்தாள். மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் சிவபிரகாஷ். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அந்தக் கத்தி. படகு உரிமையாளரைக் கொல்லத் திட்டமிட்டவன், இடுப்பில் கத்தியோடு சங்கக் கட்டடத்தில் பிடிபட்டான் என்று சொன்னான். குற்றவாளியின் தாயே முன்வந்து தகவல் கொடுத்ததைப் பாராட்டினான். கடைசியில், “குற்றம் நடக்கும் முன்பே கண்டறியும் இந்த முறையை நான் கற்றது என் பேராசிரியையிடம்” என்று சொல்லி, அவள் பெயரையும் சொன்னான்.

சொர்ணவல்லி டிவியை அணைக்கவும் தோன்றாமல் நின்றாள். செய்தி முடிந்து விளம்பரம் ஓடியது. அந்தத் துணி அவளுடையது. பழைய தலையணை உறை. அதைத்தான் மேஜைமேல் விரித்திருந்தார்கள்.

மறுநாள் அவன் ஆபீஸில் அவளைக் காக்கவைக்கவில்லை. எழுந்து நின்று வரவேற்றான்.

“உக்காருங்க மேடம்.”

“அவன் இடுப்புல கத்தி இருந்துச்சா சிவா?”

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “மேடம், போன மாசம் என் லிமிட்ல ஒரு கொலை. முன்னாடியே தெரிஞ்சும் டிஎஸ்பி சும்மா இருந்தாருன்னு பேப்பர்ல எழுதிட்டாங்க. மேல என்னைய நிக்கவச்சுக் கேட்டாங்க. இதுவும் நடந்துச்சுன்னா நான் என்ன ஆவேன்? அழகுமலை சும்மா ஆளா? மேலிடம் வரைக்கும் போயிட்டு வந்துட்டாரு.”

“அவன் கத்தியக் குடுத்துட்டான்னு நான்தானே சொன்னேன்.”

“இடமும் நேரமும் முடிவு பண்ணிட்டான்னா அது கடைசிக் கட்டம்னு சொல்லிக் குடுத்ததும் நீங்கதானே மேடம்.”

“அதுல இருந்து திரும்ப முடியும்னும் சொல்லிக் குடுத்தேன்.”

“திரும்பிட்டான்னு எனக்கு யாரு கியாரண்டி குடுக்குறது?”

“நான்” என்றாள் சொர்ணவல்லி. “அதுக்குத்தானே நான் இருந்தேன்.”

அவன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான், மூடினான். “உள்ள இருந்தா அவனும் பத்திரம், அழகுமலையும் பத்திரம். ரெண்டு உசுரு தப்பிச்சிருக்கு. அதப் பாருங்க. ஒங்க பேரையும் நல்ல விதமாத்தான் சொன்னேன்.”

அவன் முகத்தை அவள் கூர்ந்து பார்த்தாள். எத்தனையோ பேரின் முகத்தைப் படித்திருக்கிறாள். வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. இத்தனை நாள் அவள் போனில் சொன்னதையெல்லாம் இவன் எதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று மட்டும் அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தாள்.

நாலு நாள் கழித்து ஜெகதாப்பட்டினம் போனாள். அடைக்கலமேரி கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொர்ணவல்லி போயிருந்தாள். அடைக்கலமேரி கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“நான்தான் சொன்னேன்னு டிவியில சொல்லிட்டாங்களே டீச்சர்.”

“அடைக்கலமேரி, நான்...”

“ஊருல என் மூஞ்சியப் பாத்து யாரும் பேசல. அதப் பத்தி ஒண்ணுமில்ல. ஜெயிலுக்குப் போனேன், அவன் என்னையப் பாக்க வெளிய வரமாட்டேன்னுட்டான். எனக்கு அம்மா இல்லன்னு சொல்லிவிட்டானாம்.” அழாமல்தான் சொன்னாள். “நான் சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் டீச்சர்? ஒருவேளை செஞ்சிருக்க மாட்டானோ? சும்மா அங்கிட்டுப் போய் நின்னுட்டு வந்துருப்பானோ?”

இருபத்தைந்து வருஷ ஆராய்ச்சியில் இந்தக் கேள்விக்குச் சொர்ணவல்லியிடம் நல்ல பதில் இருந்தது. மேடைகளில் சொல்லியிருக்கிறாள். மேடையில் மட்டும் எடுபடுகிற பதில் அது.

“போலீஸு வராதுல்லன்னு கேட்டேன். நீங்க வராதுன்னீங்க” என்றாள் அடைக்கலமேரி. மீதிப் பாத்திரத்தைத் துலக்கப் போய்விட்டாள்.

பெலிக்ஸின் வக்கீல் அனுபவம் இல்லாத இளைஞன். கத்தி அவன் இடுப்பில் இல்லை என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் ஜாமீன் வாங்கிவிடலாம் என்றான். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவள் சொன்னால் டிஎஸ்பி பொய் சொன்னதாக ஆகும். போலீஸோடு சேர்ந்து செய்துவந்த வேலை அத்தோடு முடியும். கல்லூரியில் முதல்வர் அழைத்து, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கிறது, ஏன் மேடம் என்று நயமாகக் கேட்டார். சிவபிரகாஷின் மனைவி போன் செய்து அழுதாள்.

சாட்சி சொல்வதற்கு முன் அவள் பெலிக்ஸைப் பார்க்கப் போனாள். அம்மாவைப் பார்க்க மறுத்தவன் இவளைப் பார்க்க வந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

“கத்திய நீதான் எங்கிட்டக் குடுத்தேன்னு கோர்ட்டுல சொல்லப்போறேன்” என்றாள். “ஒங்கம்மா மேல கோவப்படாத. அவங்க ஒன்னையக் காப்பாத்தத்தான் கூப்பிட்டாங்க. வாக்குக் குடுத்தது நான். ஏமாந்ததும் நான்தான்.”

அவன் வலையின் ஓட்டைகளில் விரலை வைத்து நின்றான்.

“அழகுமலை பொய் சொல்லி என்னைய உள்ள வச்சாரு. நீங்க போலீஸ்ல உண்மையச் சொல்லி உள்ள வச்சிருக்கீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்” என்றான். “யாழ்ப்பாணத்துல இருந்தப்ப, ஊருக்குப் போனா ஒரு ஆளாவது நம்ம பக்கம் இருப்பாங்கன்னு நினைச்சு நாளை ஓட்டுனேன். இங்க அதுவும் இல்ல.”

அவள் கோர்ட்டில் ஏறிச் சொன்னாள். கத்தி எப்போது, யாரால், எந்தத் துணியில் சுற்றித் தரப்பட்டது என்பதை விட்டுவிடாமல் சொன்னாள். ஏட்டம்மா செல்வராணி வராந்தாவில் அவளைக் கடந்துபோகும்போது தலையைத் திருப்பிக்கொண்டாள். சிவபிரகாஷ் அன்று வரவில்லை. ஜாமீன் கிடைத்தது. போலீஸ் தரப்பிலிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. இனி அவளுடைய சேவை தேவையில்லை என்று. கத்தி விஷயமாக ஒரு விசாரணை வந்தது. அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சிவபிரகாஷ் ஒரு பாராட்டுச் சான்றிதழோடு வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனான்.

பெலிக்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே வந்த அன்றே கேரளாவுக்கு, கொல்லம் பக்கம் படகு வேலைக்குப் போய்விட்டதாக வக்கீல் சொன்னான். வாய்தாவுக்கு மட்டும் வந்து போகிறான். தங்கையோடு பேசுகிறான், அம்மாவோடு பேசுவதில்லை. அழகுமலை இப்போதும் புல்லட்டில்தான் போகிறார். சங்கத்தில் அவர் எதையும் சொல்லவில்லை. இனி சொல்லப்போவதும் இல்லை.

சொர்ணவல்லியின் எண்ணுக்கு அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றுபோயின. கூட்டம் போட்டால் பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கேட்டார்கள். பேசி முடித்ததும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

பங்குனியில், திருமயம் தாண்டி ஒரு கிராமத்தில் சந்தோஷ்குமார் என்பவன் தன் அக்காள் கணவனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றான். பேப்பரில் படித்த அன்றே சொர்ணவல்லி கிளம்பிப் போனாள். ஆராய்ச்சிக்காகப் போகவில்லை. அந்த ஊரில் அவள் ஒருமுறை கூட்டம் போட்டுப் பேசியிருந்தாள்.

கொன்றவனின் தாய் பொற்கொடி. கொல்லப்பட்டவன் அவள் மருமகன். பந்தலுக்கு வெளியே, யாரும் கூட உட்காராத இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகள் அழுதுகொண்டிருந்தாள். சொர்ணவல்லியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“தெரியும் டீச்சர்” என்றாள், கேட்காமலே. “பத்து நாளா அவன் ஒரு மாதிரி இருந்தான். ஒங்க நம்பரு எங்கிட்ட இருக்கு. ஒருவாட்டி அடிச்சிட்டு, ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். ஜெகதாப்பட்டினத்துப் பையன் கதைதான் டிவியில வந்துச்சே. எந்தத் தாயி சொல்லுவா?”

சொர்ணவல்லி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தாள். ஊர்க்காரர்கள் யாரும் அவளை எழுந்து போகச் சொல்லவில்லை, குடிக்கத் தண்ணீரும் கொடுக்கவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், கீரனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் சிவபிரகாஷுக்குப் போன் செய்தாள். கோர்ட்டுக்குப் பிறகு அவனோடு பேசியதே இல்லை. இப்போது முதல் மணியிலேயே எடுத்தான்.

“மேடம்! எப்படி இருக்கீங்க மேடம்?”

அவள் சொன்னாள். ஊர், பொற்கொடி, பாதியில் துண்டித்த அழைப்பு, பந்தல். கண்டக்டர்கள் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்ததால் சில வார்த்தைகளைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டான். நன்றாகக் கேட்கத் தெரிந்தவன், அவள் பழக்கியவன்.

பிறகு தொண்டையைச் செருமினான். “ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம். ஆனா திருமயம் அப்பவும் என் லிமிட்ல வராது. இப்ப நான் மாவட்டத்துலயே இல்ல.”

“நீ படிச்சது என்கிட்டன்னு இனிமே எங்கயும் சொல்லாத சிவா” என்றாள் சொர்ணவல்லி.

அவன் “மேடம், மேடம்” என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் போனை வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் இல்லை. கீரனூர்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.